பளபளக்கும் கூட்டு

அத்தியாயம் 14

காய்கறிப் பெட்டிக்குள் விட்ட கையை வைதேகி சட்டென்று வெளியே இழுத்தாள்.

சர்க்கரைவள்ளிக் கீரைக் கட்டின் அடியில் அது இருந்தது. விரல் நீளம், சாம்பல் நிறம், ஓடு இல்லாத நத்தை. போன வழியெல்லாம் எச்சிலைப் பூசிக்கொண்டு, சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு உலகத்தில் ஒரு அவசரமும் இல்லாததுபோல் தண்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

வேறு வாரமாக இருந்தால் டிஷ்யூவில் அள்ளிப் பூந்தொட்டியில் விட்டுவிட்டு மறந்திருப்பாள். மழைக்காலத்தில் மண்ணிலிருந்து நேராக வரும் கீரையில் நத்தை வராமல் வேறென்ன வரும்? ஆனால் புதன்கிழமையிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதே மாதிரி ஒரு நத்தைதான் படமாகக் கிடந்தது. போட்டவள் நாத்தனார் ரஞ்சிதம். அப்பாவுக்கு சூப் வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போன பச்சைக் கீரைக் கட்டில் அதைக் கண்டுபிடித்திருந்தாள். அண்ணி அனுப்பும் சாப்பாட்டின் லட்சணம் இதுதான், அப்பாவின் வயிறு கெட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்று கீழே எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு குழுவில் யாரும் பேசவில்லை. பேசாததுதான் தீர்ப்பு.

மாமனார் ராமலிங்கத்துக்கு எழுபத்தாறு வயது. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். வாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து புக்கிட் மேராவில் மகள் ரஞ்சிதத்தோடு இருக்கிறார். மூன்று வாரமாக அவருக்கு வயிறு நிற்கவே இல்லை. நாளுக்கு ஆறு தடவை, ஏழு தடவை. பாதி நேரம் கழிவறை வரைக்கும்கூடப் போக முடிவதில்லை. டாக்டர் ரத்தமும் மலமும் எடுத்துப் பார்த்தார், கிருமி எதுவும் இல்லை என்றார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். ரஞ்சிதம் யோசிக்காமல் பதில் சொன்னாள்: செங்காங்கிலிருந்து அண்ணி கொடுத்து விடுவதை.

இனிமேல் என்னால் துடைத்து எடுக்க முடியாது, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று அவள் அழுதாள். திங்கட்கிழமை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதாக வைதேகியின் கணவன் இளமாறன் ஒப்புக்கொண்டுவிட்டான்.

ஆக, ஒரு மனுஷனை வீட்டைவிட்டு அனுப்பப்போவது இந்த அட்டைப் பெட்டி.

கிராஞ்சி பக்கம் ஒரு பண்ணை. அதில் பங்கு சேர்ந்தால் வாரா வாரம் பெட்டி வரும். அது வேண்டும், இது வேண்டாம் என்று கேட்க முடியாது. அந்த வாரம் மண் எதைக் கொடுத்ததோ, அதுதான் சமையல். மழை பிடித்துக்கொண்ட இந்த மாதத்தில் பாதிக் கீரை அழுகிப்போய், எதையும் தாங்கும் சர்க்கரைவள்ளிக் கீரை மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதோடு நீளமான பயத்தங்காய், கொஞ்சம் பச்சை மஞ்சள், ஒரு பெரிய வாழைப்பூ.

வைதேகி இதையெல்லாம் எப்படிக் கழுவுவாள் என்று அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, ஒவ்வொரு இலையாகத் திருப்பி, குழாயடியில் மூன்று தடவை அலசுவாள். பச்சைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் பதினைந்து வருடம் வேலை பார்ப்பவளுக்குச் சுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவளும் இளமாறனும் அதே சட்டியில் அதே கரண்டியால் எடுத்ததைத்தான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை ராத்திரி இதைச் சொன்னபோது இளமாறன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், பெட்டியை நிறுத்திவிடு என்று மட்டும் சொன்னான்.

இப்போது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“வாழைப்பூ வந்திருக்கா?”

வைதேகி நிமிர்ந்தாள்.

“ரஞ்சி கேட்டா. கூட்டு பண்ணிக் குடுக்க முடியுமான்னு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்லா.”

“என் சாப்பாட்டாலதான் மாமாவுக்கு வயித்தால போகுதுன்னு ஊர் பூரா சொன்னது யாரு?”

“அப்பா ஆசைப்படுறாராம். விடேன்.”

அவன் குளிக்கப் போய்விட்டான். வைதேகி கையில் வாழைப்பூவோடு நின்றாள். குற்றம் சொன்னவள் அதையே கேட்டு வாங்குகிறாள். எங்கேயோ இடித்தது. ஆனால் மாமா ஆசைப்படுகிறார் என்றால் சமைக்காமல் இருக்க அவளால் முடியாது.

மடலை ஒவ்வொன்றாக உரித்து, பூக்களைச் சேர்த்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் வேகாத நரம்பை இழுத்துப் போட்டாள். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தும் கறை ஏறி நகக்கண் கறுத்தது. பொடியாக நறுக்கி மோர்த்தண்ணீரில் போட்டாள். பாசிப்பருப்பைப் பச்சை மஞ்சள் இழைத்து மலர வேகவிட்டாள். பூவைப் பிழிந்து அதில் சேர்த்து, வெந்ததும் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, கறிவேப்பிலை தாளித்தாள். ருசி பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பதினொன்றரைக்கு இளமாறன் பையைத் தூக்கிக்கொண்டான். கூட்டு ஒரு டப்பா, கீரைப் பொரியல் ஒரு டப்பா, சாதம். அதோடு பச்சைக் கீரை ஒரு கட்டு, அதையும் ரஞ்சிதம் மறக்காமல் கேட்டிருந்தாள். சாப்பாட்டை இறக்கிவிட்டு வழக்கம்போல பேட்மிண்டன் ஆடப் போவதாகவும், வர ஏழு மணி ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

கைக்கறையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த இடித்த இடம் பிடிபட்டது. நத்தைக்காகக் கூப்பாடு போட்டவள், எதற்கு அதே பச்சைக் கீரையில் இன்னொரு கட்டு கேட்கிறாள்?

வைதேகி கையைத் துடைத்தாள். சேலை மாற்றினாள். யாருக்கும் போன் பண்ணவில்லை.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட் பைகளோடு கூட்டம் ஏறியது. யாரோ ஒருவரின் பையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டி அவள் செருப்பு வரை ஓடி வந்தது. டோபி காட் தாண்டியும் அது நிற்கவில்லை. அவளுக்குக் காலை நகர்த்தக்கூடத் தோன்றவில்லை. மனசு முன்னாலேயே புக்கிட் மேரா போய்ச் சேர்ந்திருந்தது.

பழைய அடுக்குமாடி புளோக். நான்காம் மாடி. வெக்கைக்குக் கதவைத் திறந்துபோட்டு, இரும்பு கேட்டை மட்டும் சாத்தியிருந்தார்கள். பூட்டில்லை. வைதேகி தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டு மேசை ஒரு மேடையாக மாறியிருந்தது. இரண்டு பக்கமும் கால் வைத்த விளக்குகள், பின்னால் வெள்ளை அட்டை. நடுவில் வாழை இலை, அதன் மேல் பித்தளை உருளி. ஓரமாக, இப்போதுதான் தோட்டத்தில் பறித்ததுபோல், தண்ணீர் தெளித்த பச்சைக் கீரைக் கட்டு. உருளிக்குள் வைதேகியின் கூட்டு.

ரஞ்சிதம் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைகிற தூரிகை. ஒரு மூடியில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வாழைப்பூத் துண்டின் மேலும் தடவினாள்.

கூட்டு பளபளத்தது. எந்தக் கூட்டும் அப்படிப் பளபளக்காது. மழையில் நனைந்த ரெயின்கோட் மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வாசனை வந்தது.

சீரகம் இல்லை, தேங்காய் இல்லை. காலை ஒன்பது மணிக்குக் காப்பகத்தில் வரிசையாகக் குளிப்பாட்டிப் படுக்கவைத்த குழந்தைகளின் வாசனை. தொடை மடிப்பில், கழுத்து மடிப்பில் தேய்க்கிற எண்ணெய். பதினைந்து வருடமாக அவளுக்கு உலகத்திலேயே பிடித்த வாசனை அது. இப்போது விளக்குச் சூட்டில் வாழைப்பூவோடு கலந்து வெதுவெதுப்பாக மூக்கில் ஏறியதும் சேலைத் தலைப்பை எடுத்துப் பொத்திக்கொண்டாள்.

ரஞ்சிதம் நிழலைப் பார்த்துத் திரும்பினாள். காதிலிருந்ததைப் பிடுங்கினாள். போன் பண்ணாமல் வந்துவிட்டீர்களே அண்ணி என்றாள். சிரிக்கவும் பார்த்தாள்.

பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது. அதில் போன வாரத்துப் பாகற்காய், அதற்கு முந்தின வாரத்துக் கத்தரிக்காய், எல்லாம் வைதேகி சமைத்தவை. ‘பண்ணையில் இருந்து ரஞ்சியின் கைக்கு’ என்று அந்த இணையப் பக்கத்துக்குப் பெயர். காலையில் நானே போய்ப் பறித்தேன், நானே சமைத்தேன் என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கில் இதயங்கள்.

அது திருட்டு. அதை வைதேகி தாண்டிப் போயிருப்பாள்.

“அந்த மூடியில என்ன?”

ரஞ்சிதம் சொன்னாள். சொல்லும்போது தொழில் ரகசியம் சொல்கிற பெருமைகூட எட்டிப் பார்த்தது. தேங்காயெண்ணெய் என்றால் பத்து நிமிஷத்தில் உள்ளே இறங்கிவிடுமாம், படம் கறுத்துவிடுமாம். குழந்தைக்குத் தேய்ப்பதுதான் மேலேயே நிற்குமாம். மூன்று மணி நேரம் ஆனாலும் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் இருக்குமாம். சாப்பாட்டுப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். மூன்று வாரமாகத்தான் இந்த வித்தை தெரிந்ததாம்.

மூன்று வாரம்.

“படம் எடுத்தப்புறம் இது எங்க போகும்?”

ரஞ்சிதம் தூரிகையை டிஷ்யூவில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

“ரஞ்சி, உன்னைத்தான் கேக்கறேன்.”

“சோத்தைக் குப்பையில கொட்டினா பாவம் அண்ணி. எங்கம்மா எங்கள எப்படி வளத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா.” குரல் இறங்கியது. “வடிகட்டில போட்டு நல்லாக் கழுவிடுவேன். அப்புறம் சம்பால் மிளகா போட்டு ஒரு பெரட்டு, ஃப்ரிட்ஜில வச்சா வாரம் பூரா ஓடும்.”

“மாமாவுக்கா?”

“அப்பாவுக்குக் காரம் பிடிக்கும்லா.”

அந்த வீட்டில் குப்பை தள்ளும் குழாயில் மீன் முள்ளைத் தவிர ஒரு பருக்கை போனதில்லை. அது வைதேகிக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில், தட்டில் மிச்சம் வைத்ததற்கு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். சோற்றைக் கொட்டுவது பாவம் என்று கற்றுக்கொண்டவள், அந்தச் சோற்றை யாருக்குப் போடுகிறோம் என்று யோசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

வைதேகி சமையலறைக்கு ஓடினாள். தொட்டிக்குள் வடிகட்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் கண்களில் போன வாரத்துக் கீரை ஒட்டிக் கறுத்திருந்தது. மேலே எண்ணெய்ப் படலம், அதில் குழந்தை வாசனை. அவள் அந்தத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள். காலையில் ருசி பார்த்த ஒரு கரண்டிக் கூட்டும் வெளியே வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு மாமாவின் அறைக்குப் போனாள்.

ஜன்னல் திறந்திருந்தும் அறையில் மூத்திரமும் டெட்டாலும் நாறின. மூன்று வாரத்துக்கு முன் பார்த்த மனுஷரில் பாதிதான் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாம்மா. நீயே வந்துட்டியா. இன்னைக்கு வாழைப்பூவாமே?”

வைதேகி தலையாட்டினாள்.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது.” அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “நீ இப்ப போடுற அந்தப் புது மசாலா எனக்கு ஒத்துக்கல. பவுடர் மாதிரி மணக்குது.”

“ஏன் மாமா முன்னாடியே சொல்லல?”

“சனிக்கிழமை ஒரு நாள்தான் உனக்கு லீவு. அன்னைக்கும் நின்னு சமைச்சு அனுப்பறே. வேணாம்னு எந்த வாயால சொல்றது? கண்ணை மூடிட்டு முழுங்கிடுவேன்.”

மூன்று வாரமாக அந்த மனுஷர், மருமகள் மனசு நோகக் கூடாது என்று, உள்ளே போனால் பேதியாக்கும் குழந்தை எண்ணெயை விழுங்கியிருக்கிறார். விழுங்கியதெல்லாம் வைதேகியின் கைப்பக்குவம் என்றே நினைத்து.

அவள் அலமாரியைத் திறந்தாள். இரண்டு சட்டை, இரண்டு கைலி, மருந்து டப்பா, அடையாள அட்டை. ரஞ்சிதம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு சிராங்கூன் ரோட்டில் ஒரு பாத்திரக் கம்பெனிக்காக ஆட்கள் முன்னால் சமைத்துக் காட்டப் போவதாகவும், முதல் தடவையாக ஒரு மேடை கிடைத்திருப்பதாகவும் சொன்னாள். புருஷன் விட்டுப் போனதிலிருந்து இந்த நாலு சுவர், இந்த மூத்திர வாடை, இதைத் தவிர எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்றாள். கண்ணீர் உண்மையான கண்ணீர்தான்.

வைதேகி மேசைக்குப் போய் உருளியையும் ஒரு கரண்டியையும் எடுத்து வந்தாள்.

“ஒரு வாய் சாப்பிடு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

ரஞ்சிதம் கரண்டியை வாங்கினாள். வாய் வரைக்கும் கொண்டு போனாள். மூக்கு சுருங்கியது. பளபளவென்று ஒரு துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவள் கரண்டியை உருளியில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைதேகி தன் டப்பாவைத் தேடி எடுத்து அதில் அந்தக் கூட்டை நிரப்பி மூடினாள். எண்ணெய் பாட்டிலையும் பைக்குள் போட்டாள். என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டாரே, இந்தத் தடவை காட்டிவிடுகிறேன் என்றாள்.

மாமாவை அணைத்துப் பிடித்து நடைபாதைக்குக் கூட்டி வர ஐந்து நிமிஷம் ஆனது. லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு, அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் அவரை உட்காரவைத்தாள். நாலடி தள்ளிப் போய் இளமாறனுக்குப் போன் போட்டாள். அழுதுவிடக் கூடாது, விவரம் எல்லாம் நேரில், இப்போது கார் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டாள்.

“நான் புக்கிட் மேராவுல இருக்கேன். மாமாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். கார் எடுத்துட்டு வாங்க.”

அந்தப் பக்கம் பந்து அடிக்கிற சத்தம் இல்லை. ஆள் சத்தமும் இல்லை. காருக்குள் ஏர்கான் ஓடுவது மட்டும் கேட்டது.

“பெரிசாக்காத வைதேகி,” என்றான் இளமாறன். “அந்த ஆயில் குழந்தைக்கே போடறதுதானே. அவ கழுவித்தான் குடுக்கறா.”

அவள் ஆயில் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

வைதேகி இணைப்பைத் துண்டித்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். ஏன் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்த மனுஷன். அவன் குரல் இன்னும் காதுக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

போன் உடனே திரும்ப அடித்தது. திரையில் அவன் பெயர்.

“மாறனா?” என்றார் மாமா ஸ்டூலிலிருந்து. “எடும்மா. அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். நான் இல்லேன்னா தேடுவான்.”

“அவரு எதுக்கு வருவாரு மாமா?”

“எனக்கு ஊட்டி விடத்தான். ரஞ்சி குடுத்தா அந்த வாசத்துக்கு நான் ரெண்டு வாயில நிறுத்திடுவேன். அவன்தான் பக்கத்துல உக்காந்து, அப்பா இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு தட்டு காலியாகற வரைக்கும் விடமாட்டான்.” அவர் சிரித்தார். “மூணு வாரமா தவறாம வர்றான். இந்தக் காலத்துல எந்தப் புள்ள செய்யும்?”

அது எதன் வாசம் என்று தெரிந்தே ஊட்டியவன்தான் திங்கட்கிழமை கையெழுத்தும் போடப்போகிறான்.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. திரும்ப மூடிக்கொண்டு கீழே போனது.

வைதேகி ஏறவில்லை.